ஓம் விதியும் கொல்லிமலை நீர்மின்சாரமும்

ஒரு கடத்தியின் இரு முனைகளுக்கு இடையேயான மின்னழுத்தத்தை அதில் பாயும் மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். மலையில் விழும் நீரின் ஆற்றலைத் தொலைவிலுள்ள ஊருக்குக் கொண்டுசெல்ல முடியுமா என்பதைத் தீர்மானித்தது இந்தக் கணக்குதான்.

ஜெர்மானியரான ஜார்ஜ் சைமன் ஓம் முதலில் வோல்டா மின்கலத்தைக் கொண்டே சோதனை செய்தார். அதன் அழுத்தம் நிலையாக இல்லாததால், வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். 1827இல் வெளியான அவரது நூலுக்கு நாட்டில் வரவேற்பு இல்லை. கொலோனில் வகித்த ஆசிரியப் பணியையும் துறந்தார். லண்டன் ராயல் கழகத்தின் காப்ளி பதக்கம் 1841இல்தான் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று ஜேம்ஸ் ஜூல் காட்டினார். தொலைதூர மின்தடம் அமைப்போருக்கு இந்த இருமடிதான் பெரிய இடையூறு.

காவிரியின் மேற்பகுதியில் உள்ள சிவனசமுத்திரத்தில் அது நேரில் எதிர்ப்பட்டது. மைசூர் திவான் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய திட்டம், அவர் மறைந்த மறு ஆண்டான 1902இல் செயல்பட்டது. மின்சாரம் வேண்டியிருந்ததோ 92 மைல் தொலைவில், கோலார் தங்கச் சுரங்கங்களில். வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த இடம் அது. பெங்களூர்த் தெருவிளக்குகளுக்கு மின்சாரம் 1905இல்தான் கிடைத்தது.

அத்தடத்தின் அழுத்தம் தொடக்கத்தில் சுமார் 30,000 வோல்ட். ஏன் அவ்வளவு? எளிமைக்காக இரு கம்பிகள் கொண்ட தடம் என்றும், அதன் மொத்தத் தடை 40 ஓம் என்றும், அனுப்பும் திறன் 3,000 கிலோவாட் என்றும் வைத்துக்கொள்வோம். 30,000 வோல்ட்டில் மின்னோட்டம் 100 ஆம்பியர்; கம்பியில் வீழும் அழுத்தம் 4,000 வோல்ட்; வெப்பமாக வீணாவது 400 கிலோவாட். அதே திறனை 3,000 வோல்ட்டில் அனுப்ப 1,000 ஆம்பியர் தேவை. அதற்குக் கம்பியில் மட்டுமே 40,000 வோல்ட் வீழ வேண்டும். அனுப்புவதே 3,000தான், ஆகவே அது நடவாத காரியம்.

மாணவர்கள் தவறுவது இங்கேதான். 30,000ஐ 100ஆல் வகுத்து, கம்பியின் தடை 300 ஓம் என்று எழுதிவிடுவார்கள். அந்த 300, சுமையும் கம்பியும் சேர்ந்த தடை. கம்பியின் தடை மட்டும் வேண்டுமானால், கம்பியில் வீழ்ந்த 4,000 வோல்ட்டைத்தான் வகுக்க வேண்டும்.

அதே காவிரியோடு பிற்பாடு கலக்கும் ஐயாறு, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் பிறக்கிறது. ஆகாய கங்கை அருவியாக விழுவதும் இதுவே. இம்மலையின் ஓடைநீரைக் கொண்டு 20 மெகாவாட் நீர்மின் நிலையம் அமைக்கத் தமிழ்நாடு மின்வாரியம் திட்டம் வகுத்தது. 20 மெகாவாட் என்பது, திறன் காரணி ஒன்று எனக் கொண்டால், மும்முனைத் தடத்தில் 11,000 வோல்ட்டில் சுமார் 1,050 ஆம்பியர். 1,10,000 வோல்ட்டில் சுமார் 105 ஆம்பியர். கம்பி அதுவேயானால் இழப்பு நூறில் ஒரு பங்காகக் குறையும்.