மார்புக் கட்டி அறுவை: முன்னும் பின்னும்

முழு மார்பையும் எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில், தென்பட்ட கட்டியை மறைத்துவிடும் சகோதரிகளை அணைக்கட்டுப் பக்கம் நாம் பார்க்கிறோம். ஆரம்ப நிலைப் புற்றுநோயாக இருந்தாலும், கட்டியையும் அதைச் சுற்றிய சிறிது சதையையும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுப்பதே பலருக்குப் போதும். ஆயுளில் வித்தியாசமில்லை என்று 20 ஆண்டுகள் தொடர்ந்த அமெரிக்க ஆய்வு 2002இல் காட்டியது. வேலூர் சி.எம்.சி.யிலேயே கதிர்வீச்சு வசதி உண்டு.

பெண் மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நிர்ப்பந்தத்தில் ஆண் மருத்துவர் பார்ப்பது ஆகுமானதே. சர்க்கரை, ஆஸ்பிரின் மாத்திரைகள் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான உடை எடுத்துச் செல்லுங்கள்.

பிறகு நம்மிடம் அதிகம் கேட்பது தொழுகை பற்றித்தான். ஒளூவில் மார்பு கழுவும் உறுப்பல்ல. கடமையான குளிப்பில் காயக்கட்டின் மேல் ஈரக்கையால் மஸஹ் செய்யலாம். குழாயில் நீர் விடாமல் வடிந்தால், ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு வக்துக்கும் புதிதாக ஒளூ. தக்பீருக்குக் கை எட்டியவரை உயர்த்தினால் போதும். மருத்துவர் சொன்ன கைப்பயிற்சியை மட்டும் விடாதீர்கள். காய்ச்சலோ, சீழோ, காயத்தில் சிவப்போ கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.