பேக்பைப் கத்துக்க ஆசையா? முதல்ல பையை மறந்துடுங்க!

ராணுவ அணிவகுப்புல பேக்பைப் சத்தம் கேட்டாலே சிலிர்க்குதா? அதுக்காக ஆன்லைன்ல மலிவான செட்டை உடனே ஆர்டர் பண்ணிடாதீங்க. சுருதி சேராத கருவியோட மல்லுக்கட்டியே ஆசை போயிடும்.

ஸ்காட்லாந்தில் ஆரம்பப் பாடமே பை இல்லாமல்தான். 'பிராக்டிஸ் சான்ட்டர்' என்ற, உள்ளே சீவாளி பொருத்திய சின்னக் குழல் போதும். சத்தமும் குறைவு, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர மாட்டார்!

மொத்தமே 9 ஸ்வரங்கள்தான். ஆனால், பேக்பைப்பில் காற்று நிற்காமல் ஓடுவதால் நடுவில் இடைவெளி விட முடியாது. ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை வாசிக்க, இடையில் இன்னொரு ஸ்வரத்தைக் கண நேரம் விரலால் தொட்டுவிட்டு வர வேண்டும். இதுதான் 'கிரேஸ் நோட்'. கைவரப் பல மாதங்கள் ஆகும்.

அதன் பிறகே பை. ஊதி நிரப்பி, கையால் ஒரே சீராக அழுத்தி, 3 'ட்ரோன்' குழல்களையும் சுருதி சேர்க்க வேண்டும்.

வாசித்து முடித்ததும் கருவியைச் சுத்தம் செய்து உலர்த்துவது கட்டாயம். பேக்பைப் கலைஞர் ஒருவரின் உயிரைப் பறித்த நுரையீரல் நோய்க்கு, கருவிக்குள் வளர்ந்த பூஞ்சை காரணமாக இருக்கலாம் என்று 2016-ல் 'தோராக்ஸ்' மருத்துவ இதழ் எச்சரித்தது.

அவசரமே வேணாம். தினமும் 20 நிமிஷம் சான்ட்டரோட உட்காருங்க. பை தானா வசப்படும்!