வீட்டில் உட்கார்ந்தால் பில் கிடையாது!

பி.காம் படிக்கிறவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது வைத்தியக் கதை இல்லை, பில் கதை. காஸ்டிங் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தவன் வழி தவறி இதில் விழுந்துவிட்டேன் :-)

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்காக அரசு நடத்தும் காப்பீடு மெடிகேர். டாக்டர் வீடியோ வழியாகப் பார்த்தாலும் பணம் தரலாம் என்று 1997-இல் ஒரு சட்டம் போட்டார்கள். 1999-இல் அமலுக்கு வந்தது. ஆனால் நோயாளி, டாக்டர் பற்றாக்குறை உள்ள கிராமப்புறத்தில் இருக்க வேண்டும். கட்டணத்தில் 75 சதவீதம் திரையில் தெரியும் நிபுணருக்கு, 25 சதவீதம் நோயாளியை அனுப்பிய டாக்டருக்கு. நம் பார்ட்னர்ஷிப் கணக்கு மாதிரியே!

2000-இல் வந்த திருத்தம் இந்தப் பங்கு பிரிப்பை எடுத்துவிட்டது. கிராம நிபந்தனை மட்டும் போகவில்லை. கிராமத்து ஆளும் ஒரு கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ போய் உட்கார்ந்துதான் வீடியோவில் பேச வேண்டும். இடம் கொடுத்ததற்கு அந்தக் கிளினிக்குக்கு 20 டாலர். சொந்த வீடு பட்டியலிலேயே இல்லை. வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் 2018-இல் விலக்கு வந்தது.

ஏன் இந்தப் பிடிவாதம்? சுலபமாகக் கிடைத்தால் எல்லோரும் கூப்பிடுவார்கள், கஜானா தாங்காது என்ற பயம். கணக்குப் பிள்ளையின் பயம்தான், முழுக்கத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் வைத்தியம் சரியாக நடந்ததா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தார்கள்.

பிறகு கொரோனா. 2020 ஜனவரி 31 அன்று பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். மார்ச் 17 அன்று, எந்த ஊரானாலும் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கலாம், பணம் உண்டு என்றார்கள். நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்கைப், ஃபேஸ்டைம் எல்லாம் பரவாயில்லை என்றும் சொன்னார்கள். 2019-இல் சுமார் 8 லட்சத்து 40 ஆயிரமாக இருந்த மெடிகேர் தொலைமருத்துவ ஆலோசனைகள் 2020-இல் 5 கோடியே 27 லட்சம்!

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். வீடியோ வசதி இல்லாத தாத்தா பாட்டிகள் சாதாரண போனில்தான் டாக்டரிடம் பேசினார்கள். அதற்கு முதலில் 14 முதல் 41 டாலர் வரைதான் கொடுத்தார்கள். டாக்டர்கள் தரப்பில் கூச்சல் எழுந்ததும், ஏப்ரல் கடைசியில் அதே அழைப்பின் விலை 46 முதல் 110 டாலர் ஆனது. அதே டாக்டர், அதே போன். கட்டணம் மட்டும் ஒரே மாதத்தில் இரண்டு மூன்று மடங்கு!

2023 மே 11 அன்று அவசரநிலை முடிந்தது. ஸ்கைப் சலுகையும் ஆகஸ்டோடு போனது. மாநில உரிமம் பற்றிய தளர்வுகள் அதற்கு முன்பே பல இடங்களில் முடிந்திருந்தன. நோயாளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் டாக்டரிடம் இருக்க வேண்டும் என்பதால், எல்லை தாண்டிப் போய்க் காரை நிறுத்தி அதற்குள்ளிருந்து டாக்டரிடம் பேசியவர்கள் உண்டு. மறுபடியும் 'எங்கே உட்கார்ந்திருக்கிறாய்' கதைதான்!

மனநல சிகிச்சைக்கு மட்டும் வீட்டிலிருந்தே பேச நிரந்தர அனுமதி கிடைத்தது. மற்றதெல்லாம் தவணை. 2024 டிசம்பர் 31 வரை, பிறகு 2025 மார்ச் 31 வரை, பிறகு செப்டம்பர் 30 வரை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு செலவு மசோதாவின் வாலில் கட்டிவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருதரம் விதி மாறுமென்றால் எந்த டாக்டர் நம்பி ஆள் போடுவார், கருவி வாங்குவார்?

2025 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு நிதியில்லாமல் முடங்கியது. கூடவே தொலைமருத்துவ அனுமதியும் காலாவதி. சில டாக்டர்கள் பணம் வந்தால் வரட்டும் என்று பார்த்தார்கள். சிலர் வீடியோ சந்திப்புகளை ரத்து செய்து, வயதானவர்களை நேரில் வரச் சொன்னார்கள். 43 நாள் கழித்து, நவம்பர் 12 அன்று, அக்டோபர் 1 முதலே செல்லும் என்று முன்தேதியிட்டுச் சட்டம் வந்தது. துணிந்து பார்த்தவர்களுக்குப் பணம் வந்தது. ரத்து செய்தவர்களுக்கும் அவர்களுடைய நோயாளிகளுக்கும் முன்தேதியிட்டுத் தர ஒன்றும் இல்லை. அந்தச் சட்டத்தில் எழுதியிருந்த அடுத்த கெடு 2026 ஜனவரி 30. சரியாக 79 நாள்!