அச்சுப்படம் வெறும் நகலா?

மும்பையில் 1894-இல் ரவி வர்மா தொடங்கிய அச்சகத்தின் பாணியில் வந்த லட்சுமி, சரஸ்வதி படங்களைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால்தானோ என்னவோ, அச்சுப்படம் என்றாலே "நகல்தானே" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

ஜப்பானிலும் அது ஒரு காலத்தில் மலிவுப் பொருள்தான். 1831 வாக்கில் வந்த ஹொக்குசாயின் பேரலைப் படத்தை வரைந்தவர் ஒருவர். மரத்தில் செதுக்கியவரும் தாளில் அச்சிட்டவரும் வேறு வேறு தொழிலாளர்கள்.

1904-இல் யமமோத்தோ கனாயே "மீனவர்" என்ற படத்தைத் தாமே வரைந்து, செதுக்கி, அச்சிட்டார். அங்கேதான் நிலை மாறியது. அந்த வழியில் வெகுதூரம் போனவர் ஷிக்கோ முனகாத்தா. கொல்லரின் மகன். கடும் கிட்டப்பார்வையால் முகம் பலகையில் உரசும்படி குனிந்து செதுக்குவார். எளிய கைவினைப் பொருளில் அழகு கண்ட யனாகி சோயெத்சு அவருக்கு வழிகாட்டி. 1942 முதல் தம் படைப்புகளைப் "பலகைப்படம்" என்றே அழைத்தார் முனகாத்தா. மரம் பேச வேண்டும் என்பது அவர் எண்ணம். 1956-இல் வெனிஸ் கண்காட்சியில் அச்சுக்கலைக்கான பெரும்பரிசு அவருக்குக் கிடைத்தது.

இதற்கு இயந்திரம் வேண்டாம். பலகை, உளி, மை, தாள், தேய்ப்பதற்கு மூங்கில் மடல் சுற்றிய வட்டு, அவ்வளவுதான். கையின் அழுத்தம் மாறினால் படமும் மாறும். அப்புறம் நகல் எங்கே?

நம் பக்கத்து உலு லங்காட்டில் பட்டறை அமைத்த ஜுஹாரி சாயிட், ஜப்பானில் இக்கலையைப் பயின்றவர். செதுக்கிய கட்டையையே படைப்பாகக் காட்சிக்கு வைத்தவர். அடுத்த முறை கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்துக்குப் போனால், மரக்கட்டை அச்சு ஏதும் மாட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். கிட்டே போய், தாளில் மரத்தின் ரேகை தெரிகிறதா என்று பாருங்கள்.