சிதம்பரத்தில் விழுந்த அஸ்திவாரம்

சென்னை உயர்நீதிமன்றத்துக்கு அருகே நிற்கும் ராஜா அண்ணாமலை மன்றம் 1952இல் எழுந்தது. அஸ்திவாரம் விழுந்தது என்னவோ சிதம்பரத்தில்தான் என்பேன். அண்ணாமலை செட்டியார் அங்கே 1929இல் இசைக்கல்லூரியை ஆரம்பித்தார். அந்தக் காலத்துக் கச்சேரிகளில் தெலுங்கும் சமஸ்கிருதமும்தான் பிரதானம். தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் கடைசியில் வரும் துக்கடா. பாடுகிறவரும் கேட்கிறவரும் தமிழர், பாட்டு மட்டும் வேறு! 1941 ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாடு இதைத்தான் கேள்வி கேட்டது.

சண்டை பெரிதானது. கல்கியும் டி.கே.சி.யும் தமிழிசைப் பக்கம். மொழியைப் பார்த்தால் இசையின் தரம் கெடும் என்றது எதிர்த்தரப்பு. மியூசிக் அகாடமியின் நிலைப்பாடும் ஏறக்குறைய அதுவே. தமிழில் பாடினால் தரம் எப்படிக் குறையும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முத்துத்தாண்டவரும் கோபாலகிருஷ்ண பாரதியும் தில்லையைப் பாடியது தமிழில்தானே?

சபாக்களிடம் இடம் கேட்டுப் புலம்பிக்கொண்டிருக்காமல் தனி மேடையே போட்டார்கள் பாருங்கள், எனக்குப் பிடித்தது அதுதான். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. சொந்தக் கட்டிடத்துக்கு மேலும் ஒன்பது வருஷம். 1948இல் காலமான செட்டியார் அதைப் பார்க்கவில்லை.

சங்கம் 1949இலேயே பண் ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டது. ஓதுவார்களும் வித்வான்களும் சேர்ந்து உட்கார்ந்து தேவாரப் பண்களை ஆராய்ந்தார்கள். அந்தத் தேவார ஏடுகள் கிடைத்ததாக மரபு சொல்லும் இடமும் சிதம்பரம் கோயில்தான்.