கருவறை இரகசியமும் குருதிச் சோதனையும்

மன்னார்த் தீவின் உப்புக்குளம் போன்ற கரையோர ஊர்களில், ஒரு பெண் தாயாகப் போகிறாள் என்ற செய்தி பரவியதும் உற்றாரிடையே எழும் கேள்வி ஒன்றுண்டு. பிறக்கப்போவது ஆணா, பெண்ணா? வயிற்றின் வடிவத்தைக் கண்டு ஒருவர் விடை கூறுவார். முகத்தின் பொலிவைக் கண்டு இன்னொருவர் மறுத்துரைப்பார். இக்கேள்வி உப்புக்குளத்துக்கு மட்டும் உரியதன்று. மனித குலம் பன்னெடுங்காலமாகக் கேட்டு வந்ததாகும். அதற்கு விடை தேடிய வரலாறு, நம்பத்தக்கது எது என்பதை மனிதன் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட வரலாறுமாகும்.

பேர்ளின் நகரில் பேணப்படும் பண்டை எகிப்திய மருத்துவ ஏடு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடையது. கருவுற்றவளின் சிறுநீரை வாற்கோதுமை மீதும் கோதுமை மீதும் ஊற்றிவர வேண்டும் என்றும், வாற்கோதுமை முளைத்தால் ஆண், கோதுமை முளைத்தால் பெண் என்றும் அது கூறுகிறது. 1963 ஆம் ஆண்டில் எகிப்திய ஆய்வாளர்கள் இம்முறையைச் சோதித்துப் பார்த்தனர். கருவுற்ற பெண்களின் சிறுநீரால் நூற்றுக்கு எழுபது அளவில் தானியம் முளைத்தது. எனினும் முளைத்த தானியத்துக்கும் பிறந்த குழந்தையின் பாலுக்கும் தொடர்பு எதுவும் காணப்படவில்லை.

அப்படியாயின் இத்தகைய முறைகள் இத்துணைக் காலம் எவ்வாறு வாழ்ந்தன? காரணம் எளிது. உலகில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. ஆகவே, எவரைக் கண்டாலும் "ஆண்" என்றே கூறுபவரும் நூற்றுக்கு ஐம்பத்தொரு முறை வெற்றி பெறுவார். பலித்த சொல்லை ஊர் நினைவில் வைத்திருக்கும். பிழைத்த சொல்லை மறந்துவிடும்.

படித்தவர்களும் இவ்வாறு மயங்கியதுண்டு. ஜேர்மனியின் ஹாலே பல்கலைக்கழகப் பேராசிரியர் எமில் அப்டர்ஹால்டன், ஒரு பெண் கருவுற்றிருக்கிறாளா என்பதைக் குருதியில் தோன்றும் நொதிகளால் அறியலாம் என்று 1912 ஆம் ஆண்டளவில் அறிவித்தார். சோதனை பல நாடுகளில் புகழ் பெற்றது. 1914 ஆம் ஆண்டில் லியோனோர் மிக்கேலிஸ் என்னும் அறிஞர் அது பயனற்றது என்று காட்டினார். அந்நொதிகள் உண்மையில் இருக்கவேயில்லை. பார்ப்பவர் எதிர்பார்த்ததையே சோதனைக் குழாயிற் கண்டார் என்பதே இதன் பாடம்.

மெய்யான வழி 1949 இல் திறந்தது. கனடாவில் மரே பார், பேர்ட்ராம் என்னும் இருவர், பெண்பாலுயிரின் கலங்களில் மட்டும் காணப்படும் கரிய புள்ளியொன்றைக் கண்டறிந்தனர். 1955, 1956 ஆம் ஆண்டுகளில், கருவைச் சூழ்ந்துள்ள பனிக்குட நீரிலிருந்து கலங்களை எடுத்துப் பால் அறியும் முறை கைவந்தது. ஆனால் அதற்கு வயிற்றில் ஊசி செலுத்த வேண்டும். சில வேளைகளில் கருச்சிதைவும் நேரும்.

எனவே தாயின் குருதியிலேயே விடை தேடினர். குழந்தையின் கலங்கள் சில தாயின் குருதியிற் கலப்பது உண்மையே. ஆனால் ஆண் மகவைப் பெற்ற தாயொருவரின் உடலில் 27 ஆண்டுகளுக்குப் பின்னரும் அம்மகனின் கலங்கள் இருந்தமை 1996 இல் தெரியவந்தது. அங்ஙனமாயின், காணப்படும் கலம் வயிற்றிலுள்ள பிள்ளையினதா, மூத்த பிள்ளையினதா என்று எவ்வாறு பிரித்தறிவது?

இத்தடையை 1997 இல் டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும் கடந்தனர். குருதியின் கலங்களை நீக்கி, எஞ்சிய தெளிநீரில் மிதக்கும் டீ.என்.ஏ. துணுக்குகளை அவர்கள் ஆராய்ந்தனர். ஆண் கருவைச் சுமந்த 30 பெண்களில் 24 பேரிடம் ஆணுக்கே உரிய 'வை' நிறமூர்த்தத்தின் அடையாளம் தென்பட்டது. பெண் கருவைச் சுமந்த 13 பேரில் ஒருவரிடமும் அது தென்படவில்லை. இத்துணுக்குகள் பிரசவத்தின் பின் விரைவில் மறைவதால், மூத்த பிள்ளையின் சுவடு குழப்புவதில்லை.

2011 இல் 57 ஆய்வுகளை ஒருங்கு சேர்த்துக் கணித்தபோது, இச்சோதனை ஆண் கருக்களை நூற்றுக்கு 95.4 என்ற அளவிலும், பெண் கருக்களை 98.6 என்ற அளவிலும் சரியாகக் காட்டியது. ஆனால் ஏழு வாரங்களுக்கு முன் செய்த சோதனைகள் நம்பத்தக்கனவாக இல்லை. சோதனை தேடுவது ஆணின் அடையாளத்தையே. அது கிடைக்காவிடில் "பெண்" என்று கொள்ளப்படுகிறது. கரு மிக இளையதாயின் துணுக்குகளும் குறைவு. ஆகவே ஆண் பிள்ளையும் பெண்ணெனப் பிழையாகக் கூறப்படலாம். மறுபுறம், மாதிரியைக் கையாளும் ஆணொருவரின் கலங்கள் கலந்தாலோ, இரட்டையரில் ஆண் கரு முன்பே மறைந்திருந்தாலோ, பெண் பிள்ளையை ஆணென்று கூறிவிடக்கூடும்.

இச்சோதனையால் நன்மை உண்டு. குருதி உறையாத ஹீமோபிலியா போன்ற, பெரும்பாலும் ஆண் மக்களையே தாக்கும் பரம்பரை நோயுள்ள குடும்பத்தில், கரு பெண்ணென்று தெரிந்தால் தாய் ஊசிச் சோதனையைத் தவிர்க்கலாம்.

ஆனால் கடலுக்கு அப்பால் நிகழ்ந்ததையும் எண்ண வேண்டும். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழ்நாட்டு அரசு 1992 இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கருவின் பாலைக் கண்டறிந்து பெண்ணைக் களையும் வழக்கத்துக்கு எதிராக இந்தியா 1994 இல் சட்டமியற்றியது. அது 1996 இல் நடைமுறைக்கு வந்தது. இருந்தும், ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 1991 இல் 945 ஆக இருந்த இந்தியப் பெண் குழந்தைகள் தொகை 2001 இல் 927 ஆகக் குறைந்தது. அங்கே பிழையான விடையினும் சரியான விடையே கூடுதலாகக் கேடு செய்தது.

ஆகவே, ஒரு சோதனையின் நம்பகத்தன்மையைக் கேட்போர் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். சோதனை எத்தனையாம் வாரத்தில், எவ்வளவு கவனத்துடன் செய்யப்பட்டது என்பது ஒன்று. விடையைப் பெறும் குடும்பம் அதனைக்கொண்டு என்ன செய்யப்போகிறது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு ஆய்வுகூடம் மறுமொழி சொல்லும். இரண்டாவதற்கு வீட்டார்தாம் சொல்ல வேண்டும்.