பாட்டுப் பெட்டி வழக்கு: எந்தச் சுழற்சி சிறந்தது?

அவையோர் முன் உள்ள வழக்கு இதுதான். இசைத்தட்டைச் சுழற்றுவதில் சிறந்தது எது? சுருள்வில்லா, ரப்பர் சக்கரமா, ரப்பர் வாரா, நேரடி மோட்டாரா?

முதல் அணி சுருள்வில். எமில் பெர்லினரின் கிராமபோனைத் தொடக்கத்தில் கையால்தான் சுழற்றினார்கள். கை தளர்ந்தால் பாட்டும் இழுபட்டது. 1896இல் அமெரிக்காவின் கேம்டன் நகரில் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் அதற்குச் சுருள்வில் மோட்டார் செய்து கொடுத்தார். சாவி கொடுத்தால் வில் இறுகும். அது விரியும்போது தட்டு சுழலும். வேகம் மிஞ்சினால் உள்ளே சுழலும் குண்டுகள் அகன்று தடையை அழுத்தும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 சுற்று என்ற கணக்கு தவறாது. போர்டிக்சன் வட்டார ரப்பர் தோட்டங்களில், மின்சாரம் எட்டாத லயத்து வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி ஏது?

அடுத்தது ரப்பர் சக்கரம். வேகமாகச் சுழலும் மின் மோட்டாருக்கும் தட்டின் விளிம்புக்கும் நடுவே ரப்பர் சக்கரம் அழுந்தி நிற்கும். 1954இல் வந்த இங்கிலாந்தின் கேரார்ட் 301 இந்த வகை. நொடியில் வேகம் பிடிக்கும். ஆனால், மோட்டாரின் அதிர்வு ஊசிவரை ஏறி உறுமலாகக் கேட்கும்.

ரப்பர் வார் அந்த அதிர்வை விழுங்கிவிடும். 1961இல் எட்கர் வில்ச்சரின் ஏ.ஆர். கருவி இம்முறைக்குப் பெரும் புகழ் சேர்த்தது. குறை என்ன? வேகம் பிடிக்க நேரமாகும்; நாளடைவில் வார் தளரும்.

1970இல் ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் டெக்னிக்ஸ் எஸ்.பி.10 கருவியைக் கொண்டுவந்தது. மோட்டாரின் அச்சிலேயே தட்டு. இடையில் ரப்பரே இல்லை. 1972இல் வந்த எஸ்.எல்.1200, டி.ஜே.க்களின் தோழனானது. 2010இல் நின்ற அதன் தயாரிப்பு 2016இல் மீண்டும் தொடங்கியது. இன்று அதன் சில வகைகள் மலேசியாவிலேயே தயாராகின்றன.

தீர்ப்பு? அமைதிக்கு வார், விரைவுக்கு நேரடி மோட்டார். ஆனால், தாத்தா விட்டுச்சென்ற 78 தட்டுக்கு? பல புதிய கருவிகளில் அந்த வேகமே கிடையாது. அதன் அகன்ற பள்ளத்துக்கு இன்றைய ஊசியும் பொருந்தாது. பால்மரம் சீவிக் களைத்தவர்கள் கேட்ட பாட்டை, அதற்கென்றே பிறந்த சாவிப் பெட்டி இன்றும் பாடிக் காட்டும். தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த குடும்பங்கள் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?